வலைக்கொட்டிலைக் கேட்கத் தயங்கியவர்: திருகோணமலையில் ஒரு தொழில் மாற்றம்

இந்த ஆய்வுக்குரியவர் 1982இல் திருக்கடலூரில் பிறந்தவர். சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 2006 ஆகஸ்டில் சேர்ந்து, 2024 பெப்ரவரியில் தானாக விலகினார். இப்போது மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துகிறார். பெயரைத் தவிர்த்திருக்கிறேன், ஆளை ஊகிக்க முடியாதபடி தொகைகளையும் சற்று மாற்றியிருக்கிறேன். தொழில் வழிகாட்டல் என் வேலை என்பதால் என்னிடம் வந்தார். தூரத்து உறவும் உண்டு, என்னை அண்ணா என்பார்.

வேலையை விட்டு வென்றவர்களின் கதைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. இவரை எழுத எடுத்ததற்குக் காரணம் வேறு. விடவேண்டும் என்று 2019இலேயே நினைத்துவிட்டவர் விட்டது 2024இல். இடையில் இவரைப் பிடித்து வைத்திருந்தது பணம் என்று இவரும் நம்பினார், வீட்டாரும் நம்பினார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் கதை வேறு மாதிரி இருந்தது.

கடலை விட்டு வந்த வீடு

அப்பா கடற்றொழிலாளி. யுத்த காலத்தில் இந்தக் கடலில் தொழில் செய்தவர்களுக்கு மீனைவிடக் கட்டுப்பாடுகள்தான் அதிகம். இரவில் போக முடியாது, இஞ்சினின் குதிரைவலுவுக்கு அளவு, பாஸ் காட்டாமல் படகைத் தள்ள முடியாது. 2002இல் போர்நிறுத்தம் வந்ததும் கடன்பட்டு ஒரு பைபர் படகும் இஞ்சினும் வாங்கினார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இரண்டையும் கொண்டுபோய்விட்டது. வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்பா அதற்குப் பிறகு பழையபடி தொழிலுக்குப் போகவில்லை. சில வருடங்களில் நோயில் இறந்தார்.

மகனுக்குத் தொழிற்சாலையில் இடம் கிடைத்த அதே ஆகஸ்டில்தான் மூதூரில் சண்டை மூண்டு சனம் கால்நடையாகவே வெளியேறியது. நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாத அந்தக் காலத்தில், மாதம் முடிந்தால் சம்பளம் வருகிற வீடாக இவர்கள் வீடு மாறியது. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியில் இருந்து அளக்க முடியாது. குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆண் இவர்தான். தங்கச்சியின் கலியாணப் பேச்சில் "அண்ணன் பெக்டரியில பெர்மனன்ட்" என்ற வசனமே பாதிச் சீதனமாக நின்றது.

இஞ்சின் வேலை பக்கத் தொழிலாக வந்து சேர்ந்தது. ஷிப்ட் வேலை என்பதால் பகலில் சில நாட்கள் கை சும்மா இருக்கும். ஒரு நாள் மச்சான் ஒருவரின் இஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், வேறு படகில் கட்டி இழுத்து வந்தார்கள். இவர் அதைக் கழற்றிப் பூட்டினார், ஓடியது. அதிலிருந்து திருக்கடலூர், பள்ளத்தோட்டம், சல்லி என்று ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். தொழிற்சாலையில் பம்ப், பெல்ட், பெயரிங் என்று பழகிய கைக்கு இது பிடித்துப்போனது. அங்கே ஒரு இயந்திரத்தைத் திருத்தினால் அடுத்த ஷிப்ட்காரர் வந்து சுவிட்சைப் போடுவார், அவ்வளவுதான். இங்கே ஒருவர் விடிய நான்கு மணிக்குப் போய் மீனோடு திரும்பி வருகிறார். "அது வேற மாதிரி அண்ணா" என்று மட்டும்தான் இவரால் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவும் இல்லை.

2022 தள்ளியதும் தடுத்ததும்

ஆசை 2019இல் வந்தது என்றேன். அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், பிறகு கொரோனா. நல்ல சாட்டு கிடைத்தது, ஒத்திப்போட்டார். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து நிலைமை தலைகீழானது. மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதம் 360ஐத் தொட்டது. புது இஞ்சின் வாங்குவது சின்னத் தொழிலாளிக்குக் கனவாகிவிட்டது. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது.

இங்கே சின்னப் படகுகளில் பெரும்பாலும் பூட்டியிருப்பது மண்ணெண்ணெயில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக் இஞ்சின். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒயில் அளவு பிசகினால் பிளக்கில் கரி பிடிக்கும், ரிங் இறுகும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உள்ளே உப்புப் படிந்து குளிர்நீர் ஓடும் வழி அடைபடும். அந்த நீரை இறைக்கும் இம்பெல்லர் தேய்ந்ததைக் கவனிக்காவிட்டால் இஞ்சின் சூடாகி பிஸ்டன் பிடித்துவிடும். தட்டுப்பாட்டு மாதங்களில் கிடைத்த எண்ணெயைக் கிடைத்தபடி ஊற்றி ஓடியதில் எத்தனையோ இஞ்சின்கள் கெட்டன. புதிது வாங்க வழியில்லாததால் எல்லாம் திருத்த வந்தன. பத்துப் பதினைந்து வருடப் பழசுக்கும் மவுசு வந்த காலம் அது.

தொழிற்சாலையில் ஓவர்டைம் குறைந்தது. சம்பளத் தாளில் அதே எண், கடையில் சாமான் இரண்டு மடங்கு விலை. ஆகவே விட்டுவிடுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அதே நெருக்கடிதான் கையில் இருக்கிற வேலையை இறுக்கிப் பிடிக்கவும் வைத்தது. பக்கத்து வீட்டார் எரிபொருள் வரிசையில் நிற்கும்போது நிரந்தர வேலையை விடப்போகிறேன் என்று சொல்ல வாய் வராது. மாமா ஒருவர் கேள்விப்பட்டுச் சொன்னது: "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாத."

கையில் வருவது, வராதது

என்னிடம் வந்தது 2023 தொடக்கத்தில். மனைவியும் வந்திருந்தார். அவர் முன்பள்ளி ஆசிரியை, வீட்டில் பாடசாலைச் சீருடையும் தைப்பார். மாதம் சுமார் 15,000. மூத்தவன் பத்தாம் ஆண்டு, இளையவள் ஆறாம் ஆண்டு. வீட்டுச் செலவு 75,000.

இவருடைய திட்டம் முழுக்க ஊழியர் சேமலாப நிதியில் நின்றது. வேலையை விட்டால் அந்தக் காசு கைக்கு வரும், அதை வைத்துத் தொடங்கலாம் என்பது கணக்கு. அது நடக்காது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று சேரும் அந்தப் பணத்தைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்கலாம். விலகினாலும் அது அங்கேயே கிடக்கும், வட்டி சேரும். 10 வருடம் வேலை செய்து, கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருப்பவர்கள் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி உண்டு, தொழில் தொடங்க அல்ல. இவருக்கு இன்னும் 14 வருடம் இருந்தது. இந்தத் தவறான எண்ணத்தோடு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விடுவதற்கு முன் வந்து கேட்டவர் என்ற வகையில் இவர் கெட்டிக்காரர்.

உண்மையில் கைக்கு வருவது இரண்டு. ஒன்று பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கு, 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். இவருடைய சம்பளம் 78,000. அரை மாதம் 39,000, பதினேழு வருடம், 6 இலட்சத்து 63 ஆயிரம். மற்றது ஊழியர் நம்பிக்கை நிதி, முதலாளி மட்டும் போடும் 3 வீதம். வேலையை விட்டால் அதை எடுக்கலாம். சுமார் 2 இலட்சத்து 80 ஆயிரம் இருந்தது. ஆக மொத்தம் 9 இலட்சத்து 43 ஆயிரம்.

(அரசாங்க உத்தியோகத்தர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இராஜினாமா செய்தால் அவர்களுடைய ஓய்வூதிய உரிமையே போய்விடும். 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை, 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் போய்வர அவர்களுக்கு ஒரு வழி திறந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேண்டும் என்கிற ஊரில், அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி அப்போது எத்தனை பேர் இரகசியமாக விசாரித்தார்கள் என்பது வேறு கதை.)

சம்பளத்தைத் தொடாத மாதங்கள்

அடுத்த யோசனை மனைவியுடையது. "சம்பளம் வந்தாலும் வரேல்ல எண்டு நினைச்சு மூண்டு மாசம் இருந்து பாப்பம்." சம்பளத்தை வங்கியில் விட்டுவிட்டு, அவருடைய 15,000 ரூபாவும் இஞ்சின் திருத்தக் காசும் மட்டும் வைத்து வீட்டை நடத்துவது. 2023 மே முதல் ஜூலை வரை செய்தார்கள். முதல் மாதம் 22,000 துண்டு விழுந்தது. மூன்றாம் மாதம் ஏறக்குறையச் சரி வந்தது. அதுவும் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் திருத்தி.

இவருக்குச் சந்தோஷம். எனக்கு அது போதவில்லை. மே, ஜூன், ஜூலை என்பது கிழக்குக் கரையில் கடல் அடங்கிய காலம். மேற்குக் கரையில் சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தவர்கள்கூடத் தொழிலுக்கு இங்கே வருவார்கள். நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகள், புறாத்தீவுக்கு ஓயாமல் படகுகள். அந்த மாதங்களில் இஞ்சின் திருத்துபவர் யாரும் பட்டினி கிடக்கமாட்டார். இங்கே கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்று தொடங்கியபிறகு இன்னொரு தரம் செய்து பாருங்கள் என்றேன்.

நவம்பர், டிசம்பர் அடி நன்றாகவே விழுந்தது. அப்போது இஞ்சின்கள் வராமல் இல்லை, நிறைய வந்தன. படகைக் கரையில் ஏற்றிய பிறகுதான் பலர் இஞ்சினை முழுதாகக் கழற்றிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த நேரம் அவர்கள் கையில் காசு இருக்காது. காசு இருக்கிற மாதத்தில் இஞ்சினை விட்டுவைக்க நேரம் இருக்காது. இந்தத் தொழிலின் முடிச்சு அதுதான், இதை எந்தத் தொழில் திட்டப் படிவத்திலும் எழுதக் கட்டம் இல்லை. கொடுத்த வேலையில் பாதிக்கு மேல் கடன் கொப்பியில் ஏறியது.

அந்த இரண்டு மாதம் இவரைப் பயமுறுத்தி நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது மறுபக்கம். அதுவரை பயம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், "வாடைக்கு என்ன செய்யுறது" என்று கேட்கத் தொடங்கினார். அதற்குப் பதில் தேடலாம். கடல் மூடுகிற அதே மாதங்களில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போகம் ஓடுகிறது. நீர்ப்பம்பி, மருந்து தெளிக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாம் சின்ன இஞ்சின்கள்தான். மழைக்கு மின்சாரம் நின்றால் கடைகளின் ஜெனரேட்டர்கள். அப்புறம் ஒரு விதி: சாமான் காசு முன்னுக்கு, கூலி வேண்டுமானால் அவர்கள் திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கியபிறகு.

கடை என்கிற செலவு

இதற்குப் பிறகும் விலகல் கடிதம் கொடுக்கப்படவில்லை. எழுதி மடித்துப் பையில் வைத்திருந்தார்.

காரணம் கேட்டால் திரும்பவும் பணம். கணக்கைக் கொண்டுவரச் சொன்னேன். கருவிகள் 1 இலட்சத்து 80 ஆயிரம், கைவசம் வைக்கவேண்டிய உதிரிப்பாகங்கள் இரண்டரை இலட்சம், நிலாவெளி வீதியில் ஒரு கடைக்கு முற்பணம் 4 இலட்சம், அதற்கு ஷட்டர், லைட், பலகை என்று ஒரு இலட்சம். கூட்டினால் 9 இலட்சத்து 30 ஆயிரம். எல்லாம் கொடுத்து முடிந்தபின் குடும்பத்தின் கையில் 13,000 ரூபா. யாரும் விடமாட்டார்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு.

ஆனால் இஞ்சின் திருத்துபவருக்கு பிரதான வீதியில் கடை எதற்கு? இஞ்சின் கரையில் இருக்கிறது. அதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி நிலாவெளி வீதிக்குக் கொண்டுவர வாடிக்கையாளருக்குத்தான் வீண் செலவு. கடற்கரையோரம் ஏதாவது இடம் இல்லையா என்று கேட்டேன். இவர் பேசாமல் இருந்தார். மனைவிதான் சொன்னார்: "மாமிட வளவுக்குள்ள மாமாட வலைக்கொட்டில் சும்மாதானே கிடக்கு." இவருடைய அம்மாவின் வளவில், இறந்துபோன அப்பா வலை வைத்த கொட்டில்.

அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. பறக்கிறதுக்கு ஆசைப்படாத என்ற மாமாவுக்குத் தெரியும், மச்சான்மாருக்குத் தெரியும், தொழிற்சாலையில் நாலு பேருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் இல்லை. கொட்டிலைக் கேட்டால் சொல்லவேண்டி வரும். சொல்லாமல் தொடங்குவதற்காகத்தான் இவருடைய கணக்கில் ஒரு கடை முளைத்திருந்தது. 5 இலட்சம் ரூபா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

நான் பார்த்த தொழில் மாற்றங்களில் இது அடிக்கடி நடப்பது. கூச்சமும் பயமும் நேரே வந்து நிற்பது குறைவு. "இன்னும் ஒரு டிப்ளோமா முடிச்சிட்டு", "பிள்ளை சோதினை எழுதட்டும்", "நல்ல இடத்தில ஒரு கடை கிடைக்கட்டும்" என்று நியாயமான செலவாகவும் நியாயமான தவணையாகவும்தான் வரும். அதில் சில உண்மையிலேயே நியாயமானவை. எதை எடுத்துவிட்டால் அந்த ஆளுக்கு வியர்க்கிறது என்று பார்த்தால் பிரித்தறியலாம். வாடைக்காலக் கடனைப் பற்றிப் பேசும்போது இவர் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். கொட்டிலைப் பற்றிப் பேசும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அம்மா

2024 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை சொன்னார். மனைவியும் பக்கத்தில் இருந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரியும்.

அம்மாவின் முதல் கேள்வி: "கடலுக்குப் போவியா?"

"இல்லம்மா. கரையில மட்டும்தான்."

அடுத்தது: "ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்ற?"

அதற்கு இவரிடம் பதில் இருக்கவில்லை. அழுகை, சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா கொட்டில் திறப்பைக் கொடுத்தார், நிபந்தனைகளோடு: எண்ணெய் மணம் குசினிப் பக்கம் வரக்கூடாது, இரவு எட்டு மணிக்குப் பிறகு இஞ்சின் போடக்கூடாது, செவ்வாய் வெள்ளி வாசலில் கறல் சாமான் கிடக்கக்கூடாது.

கொட்டிலின் கூரைத் தகரம் மாற்றிச் சீமெந்துத் தரை போட 60,000 முடிந்தது. கருவிகளும் உதிரிப்பாகமும் போக, கையில் 4 இலட்சத்து 53 ஆயிரம். மனைவியின் வருமானம் போக மாதம் 60,000 தேவை என்றால், ஒரு சதம் சம்பாதிக்காவிட்டாலும் ஏழு மாதம் தாங்கும். கடிதம் அடுத்த திங்கள் கொடுக்கப்பட்டது.

அந்த முழு வருடமும் அம்மா அயலவர்களிடம், "மகன் லீவில நிக்கிறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்கு அது குத்தியது. திருத்தச் சொல்லவா என்று என்னிடம் கேட்டார். விடுங்கள் என்றேன். அவருக்கும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, அதை அவர் தன் வேகத்தில் செய்கிறார். எல்லோரும் ஆசீர்வதித்த பிறகுதான் இறங்குவேன் என்று இருந்தால் யாரும் எங்கும் இறங்கமாட்டார்கள்.

கரையில் மட்டும் என்ற வாக்குறுதி பங்குனிக்குள்ளேயே போய்விட்டது. திருத்திய இஞ்சினைத் தண்ணீர் பரலுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பாரத்தோடு ஓடும்போது எப்படி இழுக்கிறது என்பது கடலில் போனால்தான் தெரியும். லைஃப் ஜாக்கெட்டோடு, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும் போய்வருகிறார். அம்மாவுக்குத் தெரியும். கேட்பதில்லை.

இப்போது

2024 சித்திரையிலிருந்து புரட்டாதி வரை சராசரியாக மாதம் 85,000 வந்தது. பழைய சம்பளத்தைவிடச் சற்றுக் கூட. அதில் நல்ல காசு நிலாவெளி சுற்றுலாப் படகுகளிலிருந்து. ஒரு நாள் படகு நின்றால் அவர்களுக்கு நட்டம் என்பதால் உடனே கொடுத்துவிடுவார்கள். கார்த்திகையிலிருந்து தை வரை 40,000கூடத் தாண்டவில்லை. தம்பலகாமத்து வேலை எதிர்பார்த்ததில் பாதிதான். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் சும்மா விடுவார்களா? சாமான் காசு முன்னுக்கு என்ற விதியைச் சொந்தக்காரர்களிடம் இவரால் காக்க முடியவில்லை. கடன் கொப்பியில் 2 இலட்சத்துக்கு மேல் நின்றது. வைகாசிக்குள் பெரும்பகுதி வந்துவிட்டது, கொஞ்சம் இனி வராது.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தாயிற்று. கைப்பழக்கத்தால் வந்த திறமைக்கு, படிப்புக்குப் போகாமலே முன்கற்றலை அங்கீகரித்து என்விகியூ (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒவ்வொரு தரமும் நினைவூட்டுகிறேன், இன்னும் போகவில்லை. சமூகப் பாதுகாப்புச் சபையின் சுயதொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தது மனைவியின் வற்புறுத்தலால். சேமலாப நிதிக்கு இனி மாதப் பணம் எதுவும் சேராது என்பதை மறந்துவிட அவர் விடவில்லை.

மாமா தன் நீர்ப்பம்பியைத் திருத்தக் கொண்டுவந்தார். காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மூத்தவன் சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். கொட்டிலில் நின்று வேலை பழகப்போகிறேன், உயர்தரம் வேண்டாம் என்கிறான். கையும் நல்ல கை என்று தகப்பனே சொல்கிறார். ஆனாலும் "முதல்ல தொழில்நுட்பப் பிரிவு எடுத்துப் படி, பிறகு பாப்பம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்பம்மா பேரன் பக்கம் நிற்கிறார். அடுத்த கிழமை மூன்று பேரும் என்னிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.